நில்! பார்! கேள்!

உலகத்தில் மிகவும் சுலபமான காரியம் பிறரை எச்சரிப்பது. இருபது வருஷத்துக்கு மேலாக ஆசிரியத் தொழிலில் காலம் கழித்து வரும் நாம் இதை அனுபவத்திலிருந்தே சொல்லுகிறோம். "ஓடாதே", "ஏறாதே", "தொடாதே" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லுகிறோம் என்பதற்குக் கணக்கு இல்லை. சொன்னவற்றில் எத்தனை காதில் விழுந்தன என்பதற்கும் கணக்கு இல்லை. ஆனால் பையன் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றால், "அப்பொழுதே சொன்னேனே!" என்று சொல்லும் உரிமை மட்டும் நமக்கு எப்பொழுதும் உண்டு. அந்த உரிமையில் ஒரு விதமான திருப்தியும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த ஞானம் நமக்கு உதயமானதற்குக் காரணம் ஒரு பையன் கேட்ட கேள்வி.

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிய பாடம் நடந்தது. வெறும் வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்களே என்று எண்ணி, ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன் அமெரிக்க ரயில்வேக்காரர்கள் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்காக வெளியிட்ட சுவர் விளம்பரச் சித்திரங்கள் சிலவற்றின் பிரதிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தோம். வெகு நேர்த்தியான சித்திரங்கள். கரிய எஞ்ஜின் ஒன்று, நெற்றி விளக்குப் பளிச்சிட, புகையைப் பின்னால் பறக்க விட்டுக்கொண்டு, காகிதத்தைக் கிழித்து நம் மேலேயே பாய்வதுபோல் வருகிறது. அதன் குறுக்கே சின்னஞ்சிறு மோட்டார் வண்டி. வண்டிக்குள் ஒரு குடும்பம். கீழே பெரிய எழுத்தில் மூன்று வார்த்தைகள். அந்தக் காலத்துச் சித்திரங்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான்.

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பாடம் நன்றாக நடக்கிறது என்று நாமும் உள்ளூர மகிழ்ந்தோம். அப்பொழுது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், கேட் எங்கே?" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடத்துக்கு நம் ஊர்களில் ஜனங்கள் வழங்கும் பெயரே "ரயில்வே கேட்" என்பதுதான். "கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு", "கேட் போட்டு விட்டார்கள்" என்றுதான் பேசுகிறோம். கேட் இல்லாத ரயில்வே கேட்டை அந்தப் பையன் எப்படிக் கற்பனை செய்ய முடியும்? படத்தை மறுபடியும் பார்த்தோம். எஞ்ஜின் இருந்தது, மோட்டார் இருந்தது, புகை இருந்தது, எச்சரிக்கை இருந்தது. கேட்டைக் காணோம்! எத்தனையோ தடவை பார்த்த சித்திரந்தான். ஆயினும் அந்தக் குறை நம் கண்ணில் பட்டதே இல்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன், உட்கார்" என்றோம். விடை தெரியாத உபாத்தியாயர்களுக்கென்றே ஆண்டவன் நாளை என்ற ஒன்றைப் படைத்திருக்கிறான் அல்லவா?

அந்தக் கேள்விக்கு நாம் தேடிக் கண்ட விடையையே இந்த வாரம் நேயர்களுக்கும் சமர்ப்பிக்கிறோம்.

*

இங்கிலாந்தில் ரயில் பாதைகள் போடப்பட்ட 1840-களிலேயே, பொதுச் சாலையைப் பாதை கடக்கும் இடங்களில் கேட் வைக்க வேண்டும், அதைத் திறந்து மூட ஆள் வைக்க வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். இந்தியாவில் ரயில் போட்டவர்களும் ஆங்கிலேயர்களே ஆகையால் அந்தப் பழக்கம் இங்கேயும் வந்தது. அமெரிக்காவின் கதை வேறு. கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே எத்தனையோ மைல். கையில் இருந்த பணமோ கொஞ்சம். தண்டவாளத்தைப் போட்டுக்கொண்டே போனால் போதும் என்று போனார்கள். சாலை குறுக்கிட்ட இடங்களில் இரண்டு பலகைகளைப் பெருக்கல் குறிபோல் அடித்து ஒரு கம்பத்தில் மாட்டினார்கள். எஞ்ஜின் டிரைவர் மணி அடிக்க வேண்டும், ஊதல் ஊத வேண்டும் என்று விதித்தார்கள். காவல் அவ்வளவுதான். நகரங்களில் மட்டும் சில இடங்களில் கேட்டும், கொடியும் விளக்கும் பிடித்த காவற்காரரும் இருந்தார்கள்.

குதிரை வண்டிக் காலத்தில் இந்த ஏற்பாடு எப்படியோ ஓடியது. குதிரைக்குத் தன் உயிர் மேல் ஆசை உண்டு. எஜமானர் தூங்கினாலும் குதிரை ரயிலைக் கண்டு மிரண்டு நின்றுவிடும். மோட்டாருக்கு அந்தப் புத்தி கிடையாது.

1908-இல் ஹென்றி போர்டு தமது "மாடல் டி" வண்டியை வெளியிட்டார். வருஷத்துக்கு வருஷம் விலை இறங்கி, 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1920-இல் அமெரிக்காவில் பதிவாகியிருந்த கார்கள் சுமார் 80 லட்சம். 1930-இல் சுமார் 2 கோடியே 30 லட்சம். சாலையும் ரயில் பாதையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் இடங்களோ அந்தத் தேசத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 1928-ஆம் வருஷத்தில் மட்டும் அந்த இடங்களில் இறந்தவர்கள் 2,500 பேருக்கு மேல்.

இந்த நிலையில்தான் சித்திரங்கள் பிறந்தன. 1922-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் செப்டம்பர் வரையில், மோட்டார்கள் அதிகமாக ஓடும் கோடைக் காலம் பார்த்து, அமெரிக்க ரயில்வே சங்கத்தார் தேச முழுவதும் ஒரு பெரிய பிரசாரத்தை நடத்தினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கோஷம், ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று வார்த்தைகள். மோனை நயம் தமிழுக்கு மட்டும் சொந்தமா என்ன? "கடவையைக் கவனமாய்க் கடப்பீர்" என்று நாம் அதைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பொருளும் கெடவில்லை, மோனையும் தப்பவில்லை. பின்னால் வந்த வருஷங்களிலும் புதுப் புதுச் சித்திரங்களுடன் அந்தக் கோஷம் நெடுநாள் நடமாடியது.

அந்தச் சித்திரக்காரர்களின் திறமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. மோட்டார் ஓட்டிக்கொண்டு போகிறவன் நின்று படிக்க மாட்டான். ஒரு கணம் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். அந்தக் கணத்துக்குள் அவன் வயிற்றைக் கலக்க வேண்டும். ஆகவே எஞ்ஜினைப் பெரிதாக்கினார்கள், மோட்டாரைச் சிறிதாக்கினார்கள், வண்டிக்குள் குழந்தையை உட்கார வைத்தார்கள். படத்தில் மோதல் இன்னும் நடக்கவில்லை. இதோ நடக்கப் போகிறது. மிச்சத்தைப் பார்க்கிறவனே மனத்துக்குள் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நூறு பக்க உபதேசத்தை விட இது மேல் என்பதில் சந்தேகம் இல்லை.

*

இந்தக் கோஷத்தைவிடப் பழையது, அதைவிடப் பிரசித்தமானது, "நில், பார், கேள்" என்பது. இந்த மூன்று சொற்களும் சுவருக்கு வருவதற்கு முன்பே நியாயஸ்தலத்தில் இருந்தன என்பது பலருக்குத் தெரியாது. பென்ஸில்வேனியா மாகாணத்து நீதிபதிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விதியாகச் சொல்லிவிட்டார்கள். தண்டவாளத்தைக் கடக்கிறவன் முதலில் நிற்க வேண்டும், பிறகு பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டு ரயிலில் அடிபட்டால் நஷ்டஈடு கேட்க அவனுக்குப் பாத்தியதை இல்லை. கவலையுள்ள தாயார் பிள்ளைக்குச் சொன்ன புத்திமதிபோல் தோன்றும் இந்த வாசகம், உண்மையில் வழக்குத் தீர்ப்பின் வாசகம்!

இந்த இடத்தில் நாம் சற்று நின்றோம், பார்த்தோம். சுவரில் "கவனமாய்க் கடப்பீர்" என்று எழுதியவர் ரயில்வேக்காரர். மோதல் நடந்த பிறகு நியாயஸ்தலத்தில், "அவர் கவனமாய்க் கடக்கவில்லை" என்று வாதாடியவரும் ரயில்வேக்காரர். ஜனங்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் சித்திரம் போட்டவர்களுக்கு இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எஞ்ஜினை ஓட்டுகிறவனும் மனிதன்தானே? கண்ணுக்கு நேரே ஒரு குடும்பம் நசுங்குவதைப் பார்த்துவிட்டு எவன்தான் நிம்மதியாகத் தூங்க முடியும்? ஆனால் முதல் பாராவில் நாம் சொன்ன "அப்பொழுதே சொன்னேனே!" உரிமை அந்தச் சித்திரங்களிலும் கொஞ்சம் ஒளிந்துகொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த உரிமை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு ஒரு வழக்கைப் பாருங்கள். ஒரு மனிதர், தமக்கு நன்றாகத் தெரிந்த கிராஸிங்கைப் பகல் வெளிச்சத்தில் லாரியில் கடந்தார். பக்கத்தில் ரயில்வேக்காரருடைய கொட்டகை ஒன்று பார்வையை மறைத்தது. அவர் வேகத்தை மணிக்கு 5, 6 மைலாகக் குறைத்தார். ஆனாலும் அபாயத்துக்கு 12 அடி தூரத்தில் வந்த பிறகுதான் பாதை அவர் கண்ணுக்குத் தெரியும். ரயில் மணிக்கு 60 மைல் வேகத்தில் வந்தது. நம் வகுப்புப் பையன்களிடம் இதைக் கணக்காகவே கொடுத்தோம். லாரிக்கு அந்த 12 அடியைத் தாண்ட ஒன்றரை வினாடி. ரயிலோ ஒரே வினாடியில் 88 அடி பாய்கிறது. மீதிக் கணக்கை யாரும் போட விரும்பவில்லை.

இறந்தவரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். கீழ்க் கோர்ட்டில் ஜூரிகள் அந்த அம்மாளுக்குச் சாதகமாகச் சொன்னார்கள். 1927-இல் வழக்கு அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் தீர்ப்பு எழுதினார். ரயில் வருகிறதா என்று வேறு வழியில் நிச்சயம் செய்துகொள்ள முடியாவிட்டால், ஓட்டுகிறவன் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். சத்தம் கேட்கவில்லையே என்று நம்பிப் போனால் அது அவன் பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அம்மாளின் வழக்குத் தோற்றது.

ஏழு வருஷம் கழித்து, 1934-இல், மற்றொரு வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. இல்லினாய் மாகாணத்து ஸ்பிரிங்பீல்டு நகரத்தில் ஐஸ் வியாபாரி ஒருவர் நான்கு தண்டவாளங்கள் கொண்ட ஒரு கிராஸிங்குக்கு வந்தார். முதல் பாதையில் கூட்ஸ் வண்டிகள் நின்று மறைத்துக்கொண்டிருந்தன. அவர் நின்றார், பார்த்தார், கேட்டார். மணியும் இல்லை, ஊதலும் இல்லை. மெதுவாக வண்டியை விட்டார். அப்பால் இருந்த பிரதான பாதையில் வந்த ரயில் அவரை மோதியது.

இம்முறை தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பெஞ்சமின் கார்டோஸோ. இறங்கிப் போய்ப் பார்ப்பது நடைமுறையில் இல்லாத வழக்கம். பல சமயங்களில் அதனால் பயனும் இல்லை. அபாயமுங்கூட விளையலாம் என்று அவர் கருதினார். இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்புவதற்குள், பார்த்தபோது இல்லாத ரயில் வந்துவிடாதா? எல்லா இடத்துக்கும் ஒரே விதியை வைக்க முடியாது, அந்தந்த இடத்தின் நிலைமையை ஜூரிகள் பார்த்துச் சொல்லட்டும் என்று முடிவு செய்தார். நின்று, பார்த்து, கேட்ட பிறகும் ரயில் மோதக் கூடும் என்பதை அத்தேசத்தின் மிக உயர்ந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்ட நாள் அது.

*

அந்த மூன்று சொற்களில் ஏன் முழுப் பலம் இல்லை? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் "கேள்". 1919-இல் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மூடிய கூண்டு. 1927-க்குள் பத்தில் எட்டுக்கு மேல் மூடிய கூண்டாகிவிட்டன. மழைக்கும் குளிருக்கும் அது சுகமே. ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே பேச்சும் வெளியே எஞ்ஜின் சத்தமுமாகப் போகிறவன் காதில் அரை மைலுக்கு அப்பால் ஊதும் ஊதல் எப்படி விழும்? சுவரிலே "கேள்" என்று எழுதிய அதே காலத்தில் காதை அடைக்கும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்து "பார்". பார்த்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடுமா? பெரிய உருவம் வேகமாக வந்தாலும் மெதுவாக வருவதுபோலவே கண்ணுக்குத் தோன்றும். ஆகாயத்தில் போகும் பெரிய விமானம் மிதப்பதுபோல் தெரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1985-இல் இந்த மயக்கத்தை ரயில் கிராஸிங் விபத்துகளோடு சம்பந்தப்படுத்தி விளக்கினார். நம்மை நோக்கி நேராக வரும் ரயில் பக்கவாட்டில் நகர்வதில்லை. கொஞ்சங் கொஞ்சமாகப் பெரிதாகிறது. தூரத்தில் இருக்கும்வரை அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. தெரியும்போது காலம் கடந்துவிடும். "இன்னும் நேரம் இருக்கிறது" என்று கணக்குப் போட்டுப் போய் அடிபட்டவர்கள் எல்லாரும் மூடர்கள் அல்ல. அவர்கள் கண்ணே அவர்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறது.

இருட்டிலோ இன்னும் விபரீதம். அமெரிக்காவில் நடக்கும் மோதல்களில் சுமார் நான்கில் ஒரு பங்கு, ஏற்கனவே கிராஸிங்கில் போய்க்கொண்டிருக்கும் ரயிலின் பக்கத்தில் வண்டியே போய் இடிப்பதால் ஏற்படுகின்றன.

கடைசியாக "நில்". இதுதான் மிகவும் கடினம். தினமும் போகும் வழியில், ஆயிரம் தடவை ரயில் வராத இடத்தில், ஆயிரத்தோராவது தடவை நிற்க மனம் வருமா? மேலே சொன்ன லாரிக்காரருக்கு அந்த இடம் நன்கு தெரிந்த இடம் என்பதைக் கவனியுங்கள். எச்சரிக்கைப் பலகையை ஊருக்குப் புதியவன் படிப்பான். உள்ளூர்க்காரனுக்கு அது மரம் மட்டையோடு சேர்ந்த ஒரு காட்சிதான்.

ரயிலை நிறுத்தலாமே என்றால், நூறு பெட்டிகள் கொண்ட கூட்ஸ் வண்டி மணிக்கு 55 மைல் வேகத்தில் வரும்போது பிரேக்கைப் பிடித்தாலும் நிற்க ஒரு மைல் அல்லது அதற்கு மேலும் வேண்டியிருக்கும். எஞ்ஜின் டிரைவருக்குக் கண் இருந்தும் கை இல்லை.

*

ஆகவே, மனிதன் தவறுவான் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு அன்றே தோன்றியிருக்கிறது. இரண்டு தண்டவாளங்களிலும் மெல்லிய மின்சாரத்தை ஓட விட்டால், ரயிலின் சக்கரமும் அச்சும் அவற்றை இணைத்து மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும். அதிலிருந்து ரயில் வருவது தானாகவே தெரிந்துவிடும். வில்லியம் ராபின்ஸன் என்பவர் 1872-இல் கண்ட உபாயம் இது. இதைக் கொண்டே ஆள் இல்லாமல் மணி அடிக்கவும் விளக்கு எரிக்கவும் முடிந்தது. 1909-இல் காலிபோர்னியாவில் ஆல்பர்ட் ஹண்ட் என்ற எஞ்ஜினீயர், சிவப்பு விளக்குப் பொருத்திய வட்டத் தட்டு ஒன்று இப்படியும் அப்படியும் ஆடும்படி ஒரு பொறியை அமைத்தார். காவற்காரர் இரவில் கையில் லாந்தரைப் பிடித்து ஆட்டுவார் அல்லவா? அதையே இயந்திரம் செய்து காட்டியது.

சித்திரம் எப்பொழுதும் ஒன்றையே சொல்லும். ரயில் வந்தாலும் "நில்", வராவிட்டாலும் "நில்". ஆடும் விளக்கோ ரயில் வரும்போது மட்டும் "நில்" என்கிறது. அதனால்தான் அதன் வார்த்தைக்கு மதிப்பு. இது நம் போன்ற உபாத்தியாயர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

ஆனால் விளக்குக்கும் கேட்டுக்கும் பாலத்துக்கும் பணம் வேண்டும். யார் கொடுப்பது? ரயில்தான் முதலில் வந்தது, பின்னால் வந்த மோட்டார்க்காரர்கள் கொடுக்கட்டும் என்றது ஒரு கட்சி. ஆளைக் கொல்லுவது ரயில், ரயில்வே கொடுக்கட்டும் என்றது மறு கட்சி. பாலங்களினால் மோட்டார் போக்குவரத்துக்குத்தான் பெரிய லாபம் என்னும்போது செலவில் பாதியை ரயில்வேயின் தலையில் கட்டுவது நியாயமா என்று 1935-இல் சுப்ரீம் கோர்ட்டே கேட்டது. அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அதே 1935-இல், வேலையில்லாத் திண்டாட்டத்தைப் போக்கச் சர்க்கார் ஒதுக்கிய நிதியில் 20 கோடி டாலரைக் கிராஸிங்குகளை அகற்றுவதற்கென்று வைத்தார்கள். 1973-இல் மத்திய சர்க்கார், கிராஸிங்குகளைப் பத்திரப்படுத்த மாகாணங்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுக்கச் சட்டம் செய்தது.

இதனால் பிரசாரம் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 1972-இல் ஐடஹோ மாகாணத்தில் கவர்னர் அலுவலகமும் போலீஸாரும் யூனியன் பஸிபிக் ரயில்வேயும் கூடி, "ஆபரேஷன் லைப்ஸேவர்" என்ற பிரசாரத்தைத் தொடங்கினார்கள். முதல் வருஷத்திலேயே அந்த மாகாணத்தில் கிராஸிங் சாவுகள் நூற்றுக்கு 43 வீதம் குறைந்தன. அது பின்னர் தேச முழுவதும் பரவியது. 1972-இல் அமெரிக்காவில் வருஷத்துக்கு 12,000 அளவில் இருந்த மோதல்கள், சமீப வருஷங்களில் 2,000-க்குச் சற்று மேலாகக் குறைந்திருக்கின்றன. சொல்லும் செயலும் சேர்ந்து நடந்ததன் பலன் இது. இன்றைக்கும் அங்கே வருஷத்துக்குச் சுமார் 250 பேர் இறக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

*

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஹோம்ஸ் எழுதி, கார்டோஸோ தளர்த்திய அந்த விதி கடலைத் தாண்டி நம் சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறதென்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1988-ஆம் வருஷத்து இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ஆவது பிரிவு என்ன சொல்லுகிறது? காவல் இல்லாத ரயில்வே கிராஸிங்குக்கு வரும் டிரைவர் வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ, கிளீனரோ, வண்டியில் உள்ள வேறொருவரோ இறங்கித் தண்டவாளம் வரையில் நடந்து போய், இரு பக்கமும் ரயில் வரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, வண்டிக்கு வழிகாட்டி அழைத்துப் போக வேண்டும். யாரும் இல்லாவிட்டால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும். கிளீனர் முன்னே நடந்து அழைத்துப் போவதால், திரும்பி வந்து ஏறுவதற்குள் ரயில் வந்துவிடுமே என்ற கார்டோஸோவின் ஆட்சேபத்துக்குக்கூட இதில் சமாதானம் இருக்கிறது! தனியாக வருகிறவனுக்குத்தான் சமாதானம் இல்லை.

நம் தேசத்திலும் கேட் இல்லாத கிராஸிங்குகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, விளம்பரங்களும் இருந்தன, சாவுகளும் இருந்தன. 2019 ஜனவரி முடிவதற்குள் அகலப் பாதைகளில் ஆளில்லாத கிராஸிங் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். சில இடங்களில் ஆளைப் போட்டார்கள்; சில இடங்களில் சுரங்கப் பாதை அமைத்தார்கள்; சிலவற்றை மூடினார்கள். எந்தச் சித்திரத்தாலும் ஆகாத காரியம் இது.

அத்துடன் கதை முடிந்ததா? 2025 ஜூலை 8-ஆம் தேதி காலையில், கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிர் இழந்தார்கள். அங்கே கேட் இருந்தது. கேட் கீப்பரும் உண்டு. கேட் மூடினால்தான் ரயிலுக்குக் கைகாட்டி இறங்கும் என்று இரண்டையும் பூட்டி வைக்கும் இணைப்புத்தான் அங்கே இல்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நம்மால் வகுப்பில் ஹாஜர் எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, "உள்ளேன் ஐயா" என்ற பதில் வரும்வரையில் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பையனுக்குச் சொல்ல வேண்டிய விடை இதுதான் என்று தீர்மானித்தோம். சித்திரக்காரர் பொய் எழுதவில்லை, பாதி எழுதினார். கடக்கிறவனுடைய கடமையை எழுதி, காக்கிறவனுடைய கடமையைப் படத்துக்கு வெளியே வைத்துவிட்டார். "எச்சரித்துவிட்டேன்" என்று சொல்லுகிறவன் தன் கடமையில் பாதியைத்தான் செய்திருக்கிறான். யாராவது நம்மை எச்சரித்தால் நாம் கேட்டு நடக்க வேண்டும்; கேட்டு நடந்துகொண்டே, "கேட் எங்கே?" என்றும் கேட்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தோம். கேள்வி கேட்ட பையன் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மறுபடியும் எழுந்தான்.

"ஸார், கேட் மூடியிருக்கும்போது சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு அதன் அடியில் நுழைந்து போகலாமா?"

"கூடவே கூடாது" என்றோம் கம்பீரமாக.

"போன மாதம் ஒரு நாள் நீங்கள்..." என்று தொடங்கினவன், பாதியில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இந்த முறை வகுப்பு சிரிக்கவில்லை. நாமும் "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று சொல்லவில்லை. "செய்தது தப்பு" என்று மட்டும் சொன்னோம். கேட் எங்கே என்று கேட்கிற அதே பையன், இருக்கிற கேட்டை ஸார் மதித்தாரா என்றும் கேட்கிறான். அவன் கேட்டது இரண்டும் நியாயமான கேள்விகள்.

இன்று காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் கேட் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தோம், ரயிலைக் காணோம். பலர் குனிந்து நுழைந்து போனார்கள். நாம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் கழித்துத்தான் ரயில் வந்தது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு நிமிஷம் தாமதம். தலைமை ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். காரணம் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போனோம்.